பி.டி.எஸ்.ஸா, டென்டல் ஹைஜீனிஸ்டா?

ஏற்காட்டில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த என் அக்கா மகளுக்குப் பல் சார்ந்த படிப்பில்தான் நாட்டம், பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். சேர்வதா, பல் மருத்துவருக்குத் துணையாகப் பல்லைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் பட்டயம் போதுமா என்பதுதான் வீட்டில் நடக்கும் வாதம்.

பி.டி.எஸ். என்றால் பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள்; நீட் கட்டாயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டும் என்றே எங்கள் வீட்டில் நினைத்திருந்தோம், பி.டி.எஸ்.ஸுக்கும் அது உண்டு. சேலத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இல்லாததால், அரசு இடம் கிடைத்தாலும் சென்னை, கடலூர், புதுக்கோட்டை என்று வெளியூர் போக வேண்டும்.

ஹைஜீனிஸ்ட் பட்டயம் இரண்டே ஆண்டு, நீட் வேண்டாம். ஆனால் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் வகுத்த வரையறைப்படி, பல்லில் படிந்து இறுகிய காரையை எடுப்பது (ஸ்கேலிங்), சுத்தம் செய்வது, மெருகேற்றுவது, பல் பராமரிப்பைக் கற்றுத்தருவது ஆகியவையே அவருடைய வேலை. சொத்தையை அடைப்பதும் பல்லைப் பிடுங்குவதும் அதில் வராது.

இதைச் சில்லறை வேலை என்று சொல்லிவிட முடியாது. உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடமாகையால் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் காரை சீக்கிரம் படியும். அதை ஸ்கேலர் என்ற சுரண்டும் கருவியின் முனையால் பெயர்த்தெடுத்ததும், "பல்லுக்கு நடுவே சந்து விழுந்துவிட்டதே" என்று நோயாளி பதறுவார். ஈறு முன்பே இறங்கியிருந்தது, காரைதான் அந்தச் சந்தை மூடியிருந்தது என்று புரியவைப்பதும், ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த தர்மபுரிப் பக்கத்துக்காரரிடம் இந்தப் பழுப்புக் கறை எனாமலுக்குள்ளேயே இருப்பதால் ஸ்கேலிங்கில் போகாது என்று சொல்வதும் ஹைஜீனிஸ்டின் பாடு. பேசப் பிடிக்காதவர்களுக்கு இந்தப் படிப்பு வேண்டாம் என்பேன்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓரல் ஹெல்த் தெரபிஸ்ட் என்ற மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்கள் ஹைஜீனிஸ்ட் வேலையோடு சொத்தை அடைப்பதையும் பால்பல் எடுப்பதையும் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் செவிலியரை 1921இலேயே பயிற்றத் தொடங்கிய நாடு நியூசிலாந்து. எங்கள் கைக்கு அந்தக் கட்டணம் எட்டாது.

சேலம் அஞ்சு ரோடு பக்கம் இரண்டு கிளினிக்குகளில் விசாரித்தோம். ஸ்கேலிங்கைத் தாமே செய்துவிடுவதாகவும், நாற்காலி ஓரம் நின்று எடுத்துக்கொடுக்க ஆள் இருந்தால் போதுமென்றும் ஒரு மருத்துவர் சொன்னார். மாதத்தில் பாதி நாள் வந்தால் ஹைஜீனிஸ்டை வைத்துக்கொள்ளலாம் என்றார் மற்றவர். ஆகையால், ஒருமுறை நீட் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பட்டயத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் அந்தக் கல்லூரியின் பட்டயத்தை வைத்து மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிய முடியுமா என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.