மத்திய வீதியருகே ஒரு சைக்கிள் தரிப்பிடம்: ஆறு மாதப் பாவனைக்குப் பின்

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் பலசரக்குக் கடை, மருந்துக்கடை, புத்தகக்கடை, தேநீர்க்கடை என்று நான்கு கடைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. முன்பு அவற்றின் எதிரே ஒரு வான் நிற்கும் இடத்தில், கடைக்காரர்கள் நால்வரும் உரிய அனுமதி பெற்று, தம் கைக்காசில், கடந்த வைகாசியில் சைக்கிள் தரிப்பிடம் ஒன்றை அமைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையான நான் பாலையூற்றிலிருந்து கிழமைக்கு நான்கைந்து நாட்கள் சைக்கிளில் நகருக்கு வந்துபோகிறேன். கச்சான் என்று நாம் சொல்லும் தென்மேற்குக் காற்று வீசிய காலம் முழுவதும் அந்தத் தரிப்பிடத்தைப் பயன்படுத்தினேன். இப்போது மாரியும் தொடங்கிவிட்டதால், அதைப் பற்றி எழுதுவதற்கு வேண்டிய அனுபவம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தரிப்பிடம் என்று சொன்னாலும் அங்கே இருப்பவை ஐந்து இரும்புக் குழாய்கள் மட்டுமே. கவிழ்த்து வைத்த 'ப' எழுத்தைப் போல வளைத்து, இரண்டு கால்களையும் சீமெந்தில் புதைத்திருக்கிறார்கள். என் இடுப்புக்குச் சற்றுக் கீழே, 78 சென்ரிமீற்றர் உயரம். ஒவ்வொரு குழாயின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு சைக்கிளாகப் பத்துச் சைக்கிள்கள் நிற்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தின் பெயரால் உலகெங்கும் அறியப்படும் வடிவம் இதுதான். பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நாம் பார்த்துப் பழகியது முன்சில்லை மட்டும் செருகி நிறுத்தும் கம்பித் தட்டு. அதில் சைக்கிளின் முழுப் பாரத்தையும் ஒரு சில்லே தாங்குவதால், பக்கத்தில் யாராவது இடித்தாலோ காற்று தள்ளினாலோ கம்பிகள் நெளிந்து சில்லு கோணிவிடும். வளைகுழாயில் அப்படி நேர்வதில்லை. சைக்கிளின் சட்டம் இரண்டு இடங்களில் குழாயில் சாய்ந்து நிற்பதால் அது முன்னும் பின்னும் அசையாது. சங்கிலிப் பூட்டைச் சில்லு, சட்டம், குழாய் மூன்றையும் சேர்த்துச் சுற்றிப் பூட்டவும் முடிகிறது.

காற்றைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடந்த வருடம் ஆடி மாதத்தில், நகரின் வேறொரு பகுதியிலுள்ள கடையொன்றின் முன்னால், பக்கத் தாங்கியில் நின்ற ஏழு சைக்கிள்களுக்குக் கடைசியாக என்னுடையதையும் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது, கச்சான் முதல் சைக்கிளைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, எட்டுச் சைக்கிள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது என்னுடைய பழைய லுமாலா சைக்கிள். பிறேக் பிடி வளைந்து, பெடலின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. கூடையில் வைத்திருந்த பத்து முட்டைகளில் மூன்றுதான் மிஞ்சின. சைக்கிள்களைப் பிரித்தெடுக்க நான் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டே நின்ற காவலாளி, வழியை மறிக்காமல் கெதியாக எடுக்கும்படி சொன்னாரே தவிரக் கை கொடுக்கவில்லை. சைக்கிளில் வருபவரையும் காசு கொடுத்துப் பொருள் வாங்கும் வாடிக்கையாளராக மதிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கடைக்கு இருக்கவில்லை. புதிய தரிப்பிடத்தில் இந்த வருடக் கச்சான் முழுவதிலும் குழாயில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிளாவது விழுந்ததை நான் காணவில்லை.

அது நடைபாதையில் இல்லாமல் வீதியில் அமைந்திருப்பது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விடயமாகப் படுகிறது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நாம் யாரும் மறக்கவில்லை. யூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. யூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. வீட்டு மூலையில் தூசி படிந்து கிடந்த சைக்கிள்கள் எல்லாம் அந்த நாட்களில் தெருவுக்கு வந்தன. ஆனால் அவற்றை நிறுத்த இடம் இருக்கவில்லை. ஆகவே கடை வாசல்களிலும் வடிகான் மூடிகளிலும் நடைபாதையிலும் நிறுத்தினோம். அதனால் கைத்தடியோடு நடந்த முதியவர்களும் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய்மாரும் ஓட்டோக்களுக்கும் பஸ்களுக்கும் நடுவே வீதியில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு. வாகனத்துக்குரிய இடத்திலேயே சைக்கிளும் நின்றால் நடைபாதை நடப்பவருக்கே மிஞ்சும். இந்தத் தெருவில் இன்று அது கண்முன்னே நடக்கிறது.

ஒரு வானின் இடத்தை இழப்பது வியாபாரத்தைக் குறைக்காதா என்று பலசரக்குக் கடைக்காரரிடம் கேட்டேன். "ரீச்சர், அந்த இடத்தில ஒரே வான் காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் நிண்டது. அதில வந்தவர் என்ர கடைக்கு ஒரு நாளும் வரேல்லை" என்றார். இதே கேள்வி 2008இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலுள்ள லைகன் வீதியில் ஆராயப்பட்டது. ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் செலவழிக்கும் தொகையைப் பார்த்தால் காரில் வந்தவரே கூடுதலாகச் செலவழித்தார். ஆயினும் ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறு சைக்கிள்கள் நிற்கும் என்று கணக்கிட்டபோது, ஒரு சதுர மீற்றர் இடத்துக்குச் சைக்கிள் தரிப்பிடம் மணித்தியாலத்துக்கு 31 டொலரையும் கார்த் தரிப்பிடம் 6 டொலரையும் ஈட்டித் தந்தன. அந்த நகரத்தின் தொகைகளை நமது தெருவுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் கரியரில் ஒரு பையும் ஹாண்டிலில் ஒரு பையுமாக ஒரே கிழமையில் மூன்று தடவை வரும் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதைக் கல்லாவில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குழாய்களுக்கிடையே 70 சென்ரிமீற்றர் இடைவெளிதான் இருக்கிறது. நாடாவைக் கொண்டுபோய் நானே அளந்தேன். இரண்டு குழாய்களுக்கு நடுவே இரண்டு சைக்கிள்கள் நிற்கும்போது ஹாண்டில்கள் ஒன்றோடொன்று கொழுவிக்கொள்வதால், கூடை வைத்த சைக்கிளை வெளியே எடுக்கப் பக்கத்துச் சைக்கிளைத் தூக்கி நகர்த்த வேண்டியிருக்கிறது. ஒரு மீற்றராவது விட்டிருக்க வேண்டும். அந்த இடம் ஐந்து மீற்றர் நீளமானது. நான்கு இடைவெளிகளுக்கு நான்கு மீற்றர், இரு முனைகளிலும் அரை மீற்றர் என்று விட்டாலும் ஐந்து குழாய்களும் தாராளமாக அடங்கும். முழங்கால் உயரத்தில் குறுக்குக் கம்பி வைத்தவை இரண்டே குழாய்கள். மேற்பார் இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கும் பிள்ளைகளின் சிறிய சைக்கிளுக்கும் அந்தக் குறுக்குக் கம்பிதான் பிடிமானம் என்பதால், மற்ற மூன்றிலும் அதை ஒட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடல் சூழ்ந்த ஊரில் இரும்பு எத்தனை நாள் நிற்கும் என்பது இன்னொரு கவலை. குழாயின் மேற்பகுதியில் பெயின்ற் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கால் சீமெந்துக்குள் இறங்கும் இடத்தில் மழைநீர் தேங்கி, ஒரு விரல் அகலத்துக்குத் துரு ஏறத் தொடங்கிவிட்டது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. சீமெந்தைச் சற்று உயர்த்திச் சரிவாகப் பூசினால் தண்ணீர் வழிந்தோடிவிடும். மாலை ஐந்து மணிக்குப் பின்னர் மோட்டார் சைக்கிள்கள் உள்ளே புகுந்துவிடுவதும் உண்டு. அப்போது தேநீர்க்கடைத் தம்பி வெளியே வந்து தன்மையாகச் சொல்லி எடுப்பிக்கிறார்.

நகரத் தெருக்களில் திரியும் மான்களுக்கும் இந்த இடம் பழகிவிட்டது. ஒரு நாள் மருந்துக்கடையில் நான் மருந்துத் துண்டைக் கொடுத்துக்கொண்டு நின்றபோது, புள்ளிமான் ஒன்று என் கரியரில் கட்டியிருந்த பொன்னாங்காணிக் கீரையை வேரிலிருந்து நுனிவரை நிதானமாக உருவித் தின்றுகொண்டிருந்தது. கீரையைப் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கந்தளாய்க்கோ மூதூருக்கோ பஸ்ஸில் போய் இரவு திரும்புபவர்களுக்கு இந்தத் தரிப்பிடம் ஏற்றதல்ல. கூரையும் இலக்கத் துண்டும் பார்த்துக்கொள்ள ஆளும் உள்ள கட்டணப் பாதுகாப்பு நிலையமே அவர்களுக்கு நல்லது. பத்து நிமிடத்தில் மருந்தோ மல்லித்தூளோ வாங்கிக்கொண்டு புறப்படுபவர்களுக்கு, கடைக்குள் நின்றபடியே தன் சைக்கிளைப் பார்க்கக்கூடிய இந்த இடத்தைவிட வசதியான ஒன்றை நம் நகரில் நான் இதுவரை கண்டதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் காளி கோவிலுக்கு வருபவர்களால் பத்து இடமும் நிறைந்துவிடும். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு முன் போனால், குறுக்குக் கம்பியுள்ள இரண்டில் ஒன்று பெரும்பாலும் காலியாக இருக்கும். இடைவெளி அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். மாரி முடிந்து தை மாதத்தில் பெயின்ற் பூசும்போது குழாய்களைத் தள்ளி நடுவதாகச் சொல்லியிருக்கிறார்.