உவரிப் பக்கத்து பைபர் பட்டறை: ஓட்டையை விட்டுவிட்டுப் பின்பலகையைப் பார்த்த மேஸ்திரி

பைபர் வள்ளம் உடைந்து கரையில் கிடக்கிறது, சரிபண்ணவா, கழற்றி விற்கவா என்று முழித்துக்கொண்டு நிற்கிறவர்கள் உவரிக்கும் கூடுதாழைக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பட்டறை மேஸ்திரியை ஒருதடவை கூட்டிவந்து காட்டுங்கள். தனக்கு வரவேண்டிய வேலையையே வேண்டாம் என்று சொல்லுகிற மனுசன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வள்ளம் 28 அடி, 15 வருசம் ஓடியது. வாடைக்காலத்தில் கரை பிடிக்கும்போது அலை தூக்கி, கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கல் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவில் அடித்துவிட்டது. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஒரு ஆள் தலை நுழைகிற ஓட்டை. கடலுக்குப் போவது என் வீட்டுக்காரரும் கொழுந்தனும். கடன், ஏலக்காரர் கணக்கு எல்லாம் என் கையில். முதலில் வேறொரு இடத்தில் கேட்டோம். வந்தவர் ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு, 12,000 ரூபாய், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றார்.

இந்த மேஸ்திரி பார்வைக்கூலி 500 கேட்டார். வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வாராம். ஓட்டைப் பக்கம் அவர் போகவே இல்லை. கொட்டாப்புளியை எடுத்து அமரத்திலிருந்து, அதாவது பின்பக்கத்திலிருந்து, தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்'கென்று கேட்டது, எஞ்சின் மாட்டுகிற பின்பலகையில் 'பொத்'தென்று அமுங்கியது. பின்பலகை என்பது வெளியே பைபர், உள்ளே பிளைவுட். எஞ்சின் போல்ட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளேயே ஊறி உளுத்துவிடும், வெளியே பெயிண்ட் புதுசுபோல இருக்கும். உள்பக்கமாகச் சின்னதாகத் துளை போட்டு, வந்த தூளை என் உள்ளங்கையில் வைத்தார். மரத்தூள் காய்ந்து உதிரவேண்டும். இது கறுத்து, கூழாக, புளித்த வாடை அடித்தது. விரலால் அழுத்தினேன், தண்ணீர் கசிந்தது. அடியில் நீளவாக்கில் ஓடுகிற சட்டங்களிலும் இரண்டு இடத்தில் அதே கதை.

"ஓட்டை ஒண்ணுமே இல்லம்மா, அதை எப்ப வேணாலும் அடைச்சிரலாம். இந்தப் பலகையில எஞ்சினை மாட்டி நடுக்கடல்ல முறுக்குனா என்ன ஆகும்னு நீயே பாத்துக்கோ" என்றார்.

பின்பலகையும் சட்டங்களும் மாற்ற 85,000, ஓட்டை தனி. ஆக 97,000 கிட்ட. "அவ்வளவு போட்டாலும் மத்த உடம்பு 15 வருசத்து உடம்புதான். நான் செய்யமாட்டேன்னு சொல்லல. என் தங்கச்சி வள்ளம்னா கழத்திருவேன்." என் வீட்டுக்காரருக்கு மனசே இல்லை, அந்த வள்ளத்தில்தான் எங்கள் கல்யாணக் கடன் அடைந்தது. கடைசியில் கழற்றினோம்.

கழற்றுவதிலும் அவர் சொன்ன யோசனைதான் பெரிது. ஓடுகிற எஞ்சின் நல்ல எஞ்சின், அதை விற்கவே கூடாது, அடுத்த வள்ளத்துக்கு அதுதான் முதல் என்றார். ஜிபிஎஸ்ஸை யார் என்ன விலை கேட்டாலும் கொடுக்காதே, அதற்குள் உன் மாப்பிள்ளை இத்தனை வருசம் குறித்துச் சேர்த்த பார், அதாவது கடலடிப் பாறை இருக்கிற இடம், எல்லாம் இருக்கிறது என்று அவரே ஞாபகப்படுத்தினார். மீன் கிடைக்கிற பாறைத் திட்டை விற்பதும் ஜிபிஎஸ்ஸை விற்பதும் ஒன்றுதானே! ஸ்பேர் எஞ்சின், ஐஸ் பெட்டி, நங்கூரம், கயிறு எல்லாம் சேர்த்து 22,000 வந்தது. ஆள் பார்த்துக் கொடுத்ததற்கு அவர் கமிஷன் வாங்கவில்லை. 1,30,000க்கு நல்ல பழைய வள்ளம் ஒன்று வாங்கினோம், அதையும் அவர்தான் தட்டிப் பார்த்துச் சொன்னார். சரிபண்ணுவதைவிட எங்களுக்கு 11,000தான் கூட.

இன்னொன்றும் சொன்னார். ஐ.என்.டி.–டி.என். என்று தொடங்குகிற பதிவு எண்ணைச் சுரண்டி அழித்து, மீன்வளத்துறை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்த பிறகுதான் வள்ளத்தின் வெறுங்கூட்டைக் கைமாற்றவேண்டும். 1983ஆம் வருசத்து தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி வள்ளம் நம் பெயரில் பதிவாகி இருக்கிறது, மானியமும் அந்தப் பதிவோடுதான் போகிறது. வேறு எவனாவது அந்த எண்ணோடு கடலில் இறங்கினால் பதில் சொல்லவேண்டியது நாம்.

சரிபண்ணத் தகுந்த வள்ளம் என்றால் வேலை எப்படி என்பதையும் அங்கே நின்று பார்த்தேன். 6 மில்லி கனத்துக்கு ஓட்டையைச் சுற்றி ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாமல் சரிவாகத் தேய்க்கிறார்கள். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிக் காயவிட்டு, பிறகுதான் மேட், ரோவிங் என்கிற கண்ணாடி இழை விரிப்புகளை அடுக்கடுக்காக வைத்து ரெசின் போடுகிறார்கள். ரெசினை இறுக்குகிற ஹார்டனரை அளந்துதான் ஊற்றுகிறார்கள். கூடினால் சூடேறி, நொறுங்குகிற மாதிரி இறுகிவிடுமாம்.

குறையும் இருக்கிறது. பில் கிடையாது, எல்லாம் ஒரு நோட்டில் பென்சில் கணக்கு. தேய்க்கிற பையன்கள் முகத்தில் துணிகூடக் கட்டுவதில்லை. கண்ணாடி இழைத் தூள் அது, நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும்? அவரிடமே சொன்னேன், வாங்கிக் கொடுத்தாலும் போடமாட்டேங்கிறான் என்கிறார். அவர்தான் கட்டாயப்படுத்தவேண்டும். வெறுங்கூட்டையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பைபரை இரும்புபோல உருக்கி மறுபடி வார்க்க முடியாது, பழைய இரும்புக்காரரும் தொடமாட்டார். எங்கள் கூட்டை அறுத்துத்தான் அப்புறப்படுத்தினோம், அறுப்புக்கூலி தனி. எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் புகை ஊருக்கே ஆகாது.

கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் மணல் பறந்து ஈர ரெசினில் ஒட்டும் என்று பெரிய வேலை எடுப்பதில்லை. பின்பலகை மாற்றுகிற வேலை இருந்தால் சித்திரைக்குள் போய்ச் சொல்லிவையுங்கள்.