ஏழு வருடம் கட்டிய பாத்திக்

இந்தோனேசியாவில், ஜாவா தீவின் யோக்யகர்த்தாவில் வேலை பார்த்தபோது வாங்கிய மூன்று பாத்திக் துணிகள் ஏழு வருடமாக என்னிடம் இருக்கின்றன. பாத்திக் என்றால் மெழுகால் வடிவம் போட்டுச் சாயமேற்றும் துணி; மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. இரண்டு கைலி, ஒன்று மூட்டாத நீளத்துணி. அதை அங்கே ஜாரிக் என்பார்கள். ஏறக்குறைய இரண்டரை மீட்டர்.

முதல் கைலியில் நன்றாக ஏமாந்தேன். கையால் வரைந்தது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். ஒரே வருடத்தில் வெளுத்துவிட்டது. புரட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்: அச்சடித்த துணியில் சாயம் மேலோடு நிற்கும், உள்பக்கம் மங்கல். மெழுகிட்டுச் சாயத்தில் தோய்த்ததில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தமாக இருக்கும்.

அடுத்தது பெக்கலோங்கான் ஊர்க் கைலி, செம்பு அச்சால் மெழுகு ஒற்றும் 'சாப்' வகை. உடல் முழுக்கப் பூ. தலைப்புப் பகுதியில் எதிரெதிரே கூர்முக்கோணங்கள், நம் கோபுரக் கரை மாதிரியே. அச்சு சேரும் இடத்தில் ஒரு கொடி நூலளவு பிசகியிருக்கிறது. தினப்படிக்கு இதுதான்.

ஜாரிக் மட்டும் தனி ரகம். 'துலிஸ்', அதாவது மூக்கு வைத்த சின்னச் செம்புக் கிண்ணத்தால் உருகிய மெழுகை ஊற்றி ஊற்றி வரைந்தது. பழுப்பு நிறத்தில் கவுங் வடிவம்: நான்கு நான்காகச் சேர்ந்த நீள்வட்டங்கள். நுங்கு என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் நுங்குக்கு மூன்று கண்தானே! இது அங்குள்ள வேறொரு பனையின் காயாம். ஒரு மூலையில் மெழுகு சொட்டிய இடம் வெளிர்ப்புள்ளியாக நிற்கிறது. எனக்குப் பிடித்ததே அந்தப் புள்ளிதான்.

சாய்வாக ஓடும் பாராங் வடிவத்துக்கும் ஆசைப்பட்டேன். "வாங்கிக்கொள், அரண்மனைக்கு மட்டும் கட்டிக்கொண்டு போகாதே" என்றார் பக்கத்து வீட்டு இபு, அதாவது அம்மா. ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கென்றே ஒதுக்கிய வடிவமாம். அப்புறம் வாங்கவில்லை.

துவைப்பதுதான் வேலை. ஒருமுறை சோப்புத்தூளில் ஊறவைத்து வெயிலில் போட்டேன். மடிப்போரம் பழுப்பு இறங்கிவிட்டது. அங்கே லெராக் காயில் அலசுவார்கள். அது நம் பூந்திக்கொட்டையின் இனம்தான். இப்போது அதை ஊறவைத்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துகிறேன். ஒவ்வொரு துவைப்புக்கும் துணி மெத்தென்றாகிறது.

ஜாவாவில் குழந்தையை உடம்போடு கட்டிச் சுமப்பதும் ஜாரிக்கில்தான். போன மாதம் அக்கா தூளி கட்ட அதைக் கேட்டாள். மனசு வரவில்லை, பழைய பருத்திப் புடவையைக் கொடுத்துச் சமாளித்தேன்.