100 கிலோ டபுள் டிஸ்ப்ளே தராசு: ஒரு புளி சீசன் முழுக்க யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம் எங்களுக்கு புளி வியாபாரம், அப்பா காலத்துல இருந்து. ஜனவரி பொறந்தா ஏப்ரல் வரைக்கும் வீடு வாசல் எல்லாம் புளி வாசம்தான். ஓட்டோட வர்ற புளிய சாக்குல கட்டி அக்காங்க கிட்ட குடுப்போம், அவங்க வீட்டு திண்ணையில உக்காந்து தட்டி ஓடு, நாரு, கொட்டை எல்லாம் எடுத்துட்டு திருப்பி கொண்டாருவாங்க, எடை போட்டு கிலோ கணக்குல கூலி குடுப்போம். இந்த சீசனுக்குன்னு புதுசா எலக்ட்ரானிக் தராசு ஒண்ணு வாங்குனேன், அதோட ரிவ்யூதான் இது. ஏன் வாங்குனேன்னு சொல்லாம விட்டா பாதி ரிவ்யூதான் ஆகும், அதனால அதையும் சொல்லிடறேன்.

மாடல் எல்லா கம்பெனியிலயும் கிடைக்கறதுதான். 100 கிலோ வரைக்கும் தாங்கும், 10 கிராம் துல்லியம், மேல எவர்சில்வர் தட்டு, கீழ இரும்பு ஃப்ரேம், என் பக்கம் ஒரு டிஸ்ப்ளே எதிர்ல நிக்கறவங்க பக்கம் ஒரு டிஸ்ப்ளே. எடை சரின்னு அரசாங்கம் வெக்கற முத்திரையோட 9,500 ரூபா ஆச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்ககிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சு, சாக்குக்கு ஒரு கிலோ கழிவு, அதாவது காலி சாக்கோட எடைன்னு சொல்லி மொத்த எடையில ஒரு கிலோ கழிச்சுட்டு மீதிக்குத்தான் கூலி. அப்பா அப்படித்தான் போட்டாரு, நானும் அப்படியே போட்டேன். பதினஞ்சு வருஷமா சர்ச்சுக்கு போறேன், ஞானஸ்நானம் எடுத்தவன், பொய் பேசுனது, கோவப்பட்டது, கெட்ட பார்வை இதுக்கெல்லாம் அழுது மன்னிப்பு கேட்டிருக்கேன், கழிவுக்கு மட்டும் ஒருநாளும் கேட்டதில்ல, ஏன்னா அது எனக்கு பாவமா தெரியல, கணக்காத்தான் தெரிஞ்சுது.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல பாஸ்டர் பைபிள்ல ரோமர் 6-ஆம் அதிகாரம் எடுத்து பேசுனாரு. கிறிஸ்துவோட கூட பாவத்துக்கு செத்தோம்னு நம்பறவன் தன் அவயவங்கள பாவத்துக்கு ஒப்புக்கொடுக்கக் கூடாது, தேவனுக்கு ஒப்புக்கொடுக்கணும்னு அந்த அதிகாரத்துல வருது. கூட்டம் முடிஞ்சு நான் போயி, "ஐயா, இது கேக்க நல்லா இருக்குது, ஆனா பாவத்த ஜெயிக்கறதுன்னா எங்க இருந்து ஆரம்பிக்கறது"ன்னு கேட்டேன். அவரு, "நாளைக்கு காலையில உங்க கை மொத மொத எத தொடுமோ அங்க இருந்து ஆரம்பிங்க தம்பி"ன்னாரு. என் கை தொடறது தராசு.

மறுநாள் காலி சாக்கு ஒண்ண எடுத்துட்டு போயி பக்கத்து மளிகைக் கடை மெஷின்ல வெச்சு பாத்தேன். 640 கிராம். அப்ப சாக்குக்கு 360 கிராம் கூலிய நான் எடுத்துட்டு இருந்திருக்கேன். நீதிமொழிகள் 11:1 சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில மனப்பாடம் பண்ணது, கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு, சுமுத்திரையான நிறைகல்லோ, அதாவது சரியான எடைக்கல்லோ, அவருக்கு பிரியம்னு. வருஷா வருஷம் தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் கிட்ட சீல் வாங்கி மாட்டி வெச்சிருந்தேன், அந்த வசனத்துல இருக்கற முத்திரையும் இந்த முத்திரையும் ஒண்ணா சேத்து ஒரு நாளும் யோசிச்சதில்ல. தராசு சரியாத்தான் காட்டுச்சு, என் கழிவுதான் கள்ளம்.

ஜனவரியில மொத நாள் புது தராசுல மொதல்ல காலி சாக்கு வெச்சேன். எதிர்ல எங்க அப்பா காலத்துல இருந்து புளி தட்டற அக்கா ஒருத்தங்க. 0.64ன்னு அவங்க பக்கமும் வந்துச்சு. "இத்தினி வருஷமா ஒரு கிலோன்னு சொன்னியே தம்பி"ன்னாங்க. "தப்பு பண்ணிட்டேன்க்கா, மன்னிச்சிருங்க"ன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எம் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா எவ்வளவு ஒத்தாசையா இருந்திருக்கும்"னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி பழைய நோட்ட எல்லாம் எடுத்தேன், மூணு வருஷத்துது கையில இருந்துச்சு. அந்த அக்காவுக்கு சீசனுக்கு 90 சாக்கு, அப்படின்னா வருஷத்துக்கு 32 கிலோ 400 கிராம் கூலி. பைபிள்ல சகேயுன்னு ஒரு வரி வசூலிக்கறவன், ஏமாத்தி வாங்குனத நாலத்தனையா, அதாவது நாலு மடங்கா திருப்பி தர்றேன்னு சொன்னான், என்னால இந்த வருஷம் எல்லாருக்கும் ரெண்டத்தனைதான் முடிஞ்சுது, மீதிய அடுத்த சீசன்ல குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். ஒருத்தங்க இறந்து போயிட்டாங்க, அவங்க மகன் கிட்ட குடுத்தேன், எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன். இதெல்லாம் பண்ணா ரட்சிப்பு கிடைக்கும்னு பண்ணல, அது கிருபையா கிடைச்சாச்சு, கிடைச்சது நெஜம்னா என் சாக்குலயும் தெரியணும் இல்லீங்களா.

தராசு எப்படின்னா, எடை ரொம்ப கரெக்ட்டு. தினம் காலையில 20 கிலோ கல்லு வெச்சு பாத்துட்டுதான் ஆரம்பிக்கறேன், சீசன் முழுக்க மாறல. குறைன்னு பாத்தா வெயில்ல வெச்சா சிவப்பு எழுத்து தெரியாது, அக்காங்க கைய மறைச்சு வெச்சு குனிஞ்சு பாக்கறாங்க, அதனால நிழல்லதான் வெக்கணும். பேட்டரி மூணு மாசத்துலயே தளர்ந்துடுச்சு, கரண்ட் போனா ஒரு சாயங்காலம்தான் தாங்குது. புளி பிசுக்கு தட்டுக்கு அடியில போயி ஒட்டிக்குது, வாரம் ஒரு தடவ தட்ட கழட்டி ஈரத்துணியில தொடைங்க. சாக்க தூக்கி தொப்புன்னு போடாதீங்க, உள்ள எடைய உணர்ற லோட்செல் போயிடும். சீல் உடைஞ்சா மறுபடி முத்திரை வாங்கணும், இல்லன்னாலும் 12 மாசத்துக்கு ஒரு தடவ வாங்கியே ஆகணும்.

சாக்கு ஒவ்வொண்ணும் ஒரு எடை. அதனால காலி சாக்கு குடுக்கும்போதே எடை போட்டு மார்க்கர்ல 64, 58, 71ன்னு சாக்கு மேலயே எழுதிடறேன். ஈரமா திரும்பி வந்தா கொட்டிட்டு மறுபடி எடை போடணும். சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட ஆகுது, மொத வாரம் எரிச்சலா இருந்துச்சு, பக்கத்து வியாபாரிங்களும் "நீ ஒருத்தன் இப்படி பண்ணா எங்க பொழப்பு என்னாகறது"ன்னு சண்டைக்கு வந்தாங்க.

ஒண்ணு மறைக்காம சொல்லணும். டேர் பட்டன்னு ஒண்ணு இருக்குது, கூடையோட எடைய கழிக்கறதுக்கு. மார்ச் மாசம் விலை இறங்கி கையில காசு இல்லாத ஒரு நாள், கூடைய எடுத்ததும் டிஸ்ப்ளேல மைனஸ் 0.20ன்னு நின்னுச்சு, அப்படியே போட்டா சாக்குக்கு 200 கிராம் கொறச்சு காட்டும், ஜீரோ அழுத்தாம மூணு சாக்கு எடை போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். நாலாவது சாக்குக்கு கை வரல. "கர்த்தாவே"ன்னு வாய்க்குள்ளயே சொல்லிட்டு ஜீரோ அழுத்தி, போன அக்காவ கூப்புட்டு மூணையும் திருப்பி வெச்சேன். அந்த பட்டன் இன்னும் அங்கதான் இருக்குது, ஒவ்வொரு காலையும் அத பாத்துட்டுதான் ஜெபம் பண்ணிட்டு கடைய தொறக்கறேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், ஒண்ணு பேட்டரிக்கும் வெயில்ல தெரியாத எழுத்துக்கும் கொறச்சது. கூலிக்கு எடை போடறவங்க வாங்கறதா இருந்தா ஆயிரம் ரூபா கூட ஆனாலும் டபுள் டிஸ்ப்ளேவா வாங்குங்க, அந்த ரெண்டாவது டிஸ்ப்ளேவ செவுத்து பக்கம் திருப்பி வெச்சுடாதீங்க.