பவலா, லவார்க்கா?

1957-இல் இஸ்லுவின் ஃபௌக் எலிஸ் வெல்ஷ் மொழியில் எழுதிய அறிவியல் புனைவில் இவான் பவல் 2033-க்குப் பயணிக்கிறான். தன்னாட்சி பெற்ற வேல்ஸில் மைர் லவார்க்கைக் காதலிக்கிறான். இந்த இருவரின் குடும்பப்பெயர்களில் கதைக்கு அதிகப் பொருள் சேர்ப்பது எது?

'பவல்' என்பது 'ஆப் ஹவெல்' (ஹவெலின் மகன்) என்ற வெல்ஷ் பெயர் ஆங்கில வழக்கில் தேய்ந்த வடிவம். முதலெழுத்தில் மட்டுமே 'மகன்' ஒட்டிக்கொண்டிருக்கிறான். பொருத்தமான பெயர்தான், அதற்கு மேல் தோண்ட ஒன்றுமில்லை.

லவார்க் அப்படியல்ல. பழைய வெல்ஷ் கவிதைகளில் முதியவர் லவார்க் தன் 24 மகன்களையும் போரில் பறிகொடுக்கிறார். தன் நாவே அவர்களைக் கொன்றது என்று புலம்புகிறார். செழித்த எதிர்காலத்தின் பெண்ணுக்கு, வாரிசற்றுப்போனவரின் பெயர்! இவானின் இரண்டாம் பயணத்தில் வரும் மாற்று எதிர்காலத்திலோ வெல்ஷ் மொழி ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த அழிவை முன்கூட்டியே சொல்லிவிடும் லவார்க்கையே நான் தேர்வேன்.