வரி விளையாட்டா, செப்புத்தகட்டுப் படமா?

அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர் மூண்ட கதையைச் சொல்லித்தர மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு: பாடநூல், வரி விளையாட்டு, அந்தக் காலத்துப் படமும் சாட்சியமும்.

பாடநூல் எது முன், எது பின் என்ற குழப்பம் வராமல் காக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வரி விளையாட்டில் ஆளுக்குப் பத்து மிட்டாய். பென்சில் சீவ ஒன்று, தண்ணீர் குடிக்க இரண்டு என்று 'ராஜா' பிடுங்கிக்கொண்டே இருப்பார். வகுப்பே கொதிக்கும். கோபம் நன்றாகப் பதியும், காரணம்தான் கோணலாகப் பதியும். வரி அதிகம், அதனால் சண்டை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். 1773இன் தேயிலைச் சட்டமோ தேயிலையை மலிவாக்கியது! எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எங்களுக்கு வரி போடுவதா என்பதுதான் பாஸ்டன்காரர்களின் கேள்வி. (அந்த டிசம்பரில் அவர்கள் எதிர்ப்பாகக் கடலில் கொட்டிய 342 தேயிலைப் பெட்டிகளும் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. தமிழ் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்.) விளையாட்டை விட மனசில்லையா? ஒரு வரியை வகுப்பே கைதூக்கி முடிவு செய்யட்டும், இன்னொன்றைப் பக்கத்து வகுப்பு போடட்டும். எதற்குக் கோபம் வருகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். இதே பாணியில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டும் யோசனை மட்டும் அறவே வேண்டாம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. 1770 மார்ச் 5, பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதை அவ்வூர் வெள்ளிக்கொல்லர் பால் ரிவியர் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்றார். படத்தைக் கையில் கொடுத்து, 'என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள். வரிசையாக நிற்கும் சிப்பாய்கள், வாளை உயர்த்திச் சுடச் சொல்லும் அதிகாரி, வெறுங்கையோடு ஜனங்கள், முன்னால் ஒரு நாய், சிப்பாய்களின் தலைக்கு மேல் 'கசாப்புக் கூடம்' என்று பலகை. அப்புறம் சிப்பாய்கள்மேல் நடந்த வழக்கின் சாட்சியங்களைக் கொடுங்கள்: தரையில் பனி, கூட்டத்தின் கையில் தடிகள், சிப்பாய்கள்மேல் பறந்த பனிக்கட்டிகள். படத்தில் பனி எங்கே என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். சிப்பாய்களுக்காக வாதாடிய ஜான் ஆடம்ஸ் பின்னாளில் நாட்டின் இரண்டாவது அதிபரானார். எட்டுப் பேரில் ஆறு பேர் விடுதலை என்ற தீர்ப்பைக் கடைசியில் சொன்னால் போதும்.

சிரமம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலம் பத்து வயசுக்குக் கடினம். சாட்சியங்களை நாலைந்து வரியாகச் சுருக்கித் தர வேண்டும், இரண்டு வகுப்பு நேரமாவது ஒதுக்க வேண்டும். படத்துக்குச் செலவில்லை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.