கோத்தகிரியில் பகடைக்கு ‘டபுள் சிஸ்டம்’ விற்கிறார்கள், பணம் கட்டிவிடாதீர்கள்

எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு 2023-ல் நட்டக்கல்லில் உண்ணாவிரதம் இருந்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன், அதனால் காசின் அருமை தெரியாதவன் இல்லை. அப்படியும் விழுந்தேன்.

டானிங்டன் பக்கம் டீக்கடையில் பழக்கமானவர், எல்லாரையும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். ஆன்லைன் கேசினோவில் விளையாட ‘ஐடி’, அதாவது கணக்கு, எடுத்துத் தருவது அவர் வேலை. க்ராப்ஸ் என்று ஒரு பகடை ஆட்டம், போனில் நேரலையாக ஓடும். அதில் தோற்கவே முடியாத சிஸ்டம் தன்னிடம் இருக்கிறது என்று 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். தாளில் இருந்தது இவ்வளவுதான்: 200, 400, 800, 1,600, 3,200, 6,400, 12,800. தோற்றால் அடுத்த வரி, ஜெயித்தால் மறுபடி 200. ஒரு ஜெயிப்பு வந்தால் போதும், விட்டதெல்லாம் திரும்பி மேலே 200 நிற்கும்.

25,000 ஏற்றினேன். ஒரு வாரத்தில் 4,200 லாபம். வீட்டில்கூட சொல்லிவிட்டேன், அதுதான் இப்போது பெரிய அவமானம்.

அப்புறம் ஒரு மழை ராத்திரி. பாஸ் லைன் என்கிற பந்தயத்தில் 200 வைத்தேன், முதல் வீச்சே 3, போச்சு. (முதல் வீச்சில் 7 அல்லது 11 வந்தால் ஜெயம், 2, 3, 12 வந்தால் தோல்வி, வேறு எண் வந்தால் அது 7-க்கு முன்னால் மறுபடி விழ வேண்டும்.) அடுத்து 8 வந்து 7 விழுந்தது, 4 வந்து 7, நாலாவதில் நேராக 12, அப்புறம் 9 வந்து 7, ஆறாவது ஆட்டத்தில் 6 வந்து, பதினோரு வீச்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகு 7. மொத்தம் 12,600 காலி. சரி, தாளில் ஏழாவது வரி இருக்கிறதே என்று 12,800-ஐத் தட்டினால் ஏற்கவில்லை. மேஜையின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது: உச்ச வரம்பு 10,000. விட்டதைப் பிடிக்கும் வெறியில் அந்தப் பத்தாயிரத்தையும் வைத்தேன். ஜெயித்திருந்தாலும் 2,600 நஷ்டத்தில்தான் நின்றிருப்பேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. அதுவும் போனது.

பகடையில் ஏதாவது கோல்மாலா என்று கேட்கிறார்கள். தேவையே இல்லை. இரண்டு பகடைக்கு 36 விதம், அதில் 7 மட்டுமே ஆறு விதமாக விழும், வேறு எந்த எண்ணுக்கும் அவ்வளவு வழி கிடையாது. பாஸ் லைனில் 495 ஆட்டத்துக்கு 244 நமக்கு, 251 அவர்களுக்கு. வித்தியாசம் 1.41 சதவீதம்தான், கேசினோவில் இதைவிட மோசமான பந்தயம் எத்தனையோ உண்டு. ஆனால் 200-ல் தொடங்கி ஒரு ஜெயிப்பு வரும்வரை, அல்லது ஆறும் தோற்கும்வரை, ஒரு சுற்று என்று வைத்தால், ஆறு முறை தொடர்ந்து தோற்பது சராசரியாக 59 சுற்றுக்கு ஒருமுறை வரும். 58 சுற்று ஜெயித்து 200, 200-ஆகச் சேர்த்தால் 11,600. 59-வது சுற்று 12,600-ஐ எடுத்துக்கொண்டு போகும். என் முதல் வாரத்து லாபம் வெறும் 21 சுற்று.

மிச்சம் இருந்த 6,600-ஐயாவது எடுத்துக் கொடுங்கள் அண்ணே என்றால், “முதல்ல 2,000 டேக்ஸ் கட்டணும் தம்பி, இல்லன்னா இன்னொரு 20,000 போடு, பெரிய லிமிட் மேஜை வாங்கித் தரேன்” என்றார். நாம் தோற்பதில் அவருக்குக் கமிஷன் என்று, அவரிடமே ஐடி எடுத்துத் தோற்ற இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. நான் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

2022-ல் தமிழ்நாடு போட்ட சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் குற்றம், விளையாடுகிறவனுக்கும் தண்டனை உண்டு. அதை நம்பித்தான் இவர்கள் தைரியமாக இருக்கிறார்கள், வெளியே சொல்ல மாட்டோம் என்று. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று 2023-ல் உயர் நீதிமன்றம் பிரித்துச் சொன்னது, பகடைக்கு அந்தச் சாக்கும் இல்லை. நான் தயங்கித் தயங்கி நாலு நாள் கழித்துத்தான் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட்டேன். அதற்குள் நான் அனுப்பிய கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. நீங்கள் ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள்.

அதே ஜெராக்ஸ் தாள் இப்போது குன்னூர்ப் பக்கமும் சுற்றுகிறதாம், விலை 7,000 ஆகிவிட்டது.